பழைய ஃபைபர் படகுக்குப் புது டெக்: 710 பிளைவுட்டும் எல்-12 எப்பாக்சியும்

கால் வைத்தால் அமுங்கும் டெக்கை, அதாவது படகில் நாம் நிற்கும் மேல்தளத்தை, மாற்ற வேண்டும், செலவு குறைய வேண்டும் என்று கடைக்குப் போனால் மூன்று நான்கு வகைப் பலகைகளைக் காட்டுவார்கள். 16 முதல் 18 அடி ஃபைபர் படகு ஒன்றுக்கு, ஃபைபருக்குள் பிளைவுட்டை வைத்துச் செய்த டெக்கை முழுவதும் மாற்ற, 12 மி.மீ. தடிமனில் 8க்கு 4 அடி ஷீட் இரண்டு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் எம்.ஆர். பிளை, அதாவது 'கமர்ஷியல்' என்று விற்பது. இது வீட்டுக்குள் போடும் சரக்கு. அதன் பசை நீர் தாங்காது, ஒரு மழைக்காலத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பி.வி.சி. ஃபோம் பலகை உளுக்காது என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் இளகும், ஆள் நின்றால் வளையும். கால் படும் இடத்துக்கு அது ஆகாது. கட்டட வேலை முடித்துக் கழிக்கும் ஷட்டரிங் பிளை மலிவாகக் கிடைக்கும். அதன் பசை நல்ல பசை. மேலே இருக்கும் வழவழப்பான படலத்தில்தான் நாம் பூசப்போகும் எப்பாக்சி பிசின் ஒட்டாது. இரண்டு பக்கமும் மரம் தெரியும்வரை தேய்த்தெடுக்க வேண்டும். அந்தக் கூலியையும் தேய்தாளையும் கணக்குப் போட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

மீதி இரண்டும் இந்தியத் தர எண்ணோடு (ஐ.எஸ்.) வருபவை: ஐ.எஸ். 303 பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் வகை), ஐ.எஸ். 710 மரைன். 710 தரத்துக்குப் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும். ஆனால் 'மரைன்' என்றால் உளுக்காத மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் பசையும், உள்ளடுக்கில் பொந்து இல்லாத நெருக்கமும்தான். தண்ணீர் உள்ளே புகுந்து நின்றால் 710-உம் உளுக்கும். படகில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பொந்துதான். 303 ஷீட்டை அறுத்தால் நடு அடுக்கில் விரல் நுழையும் இடைவெளி சில சமயம் தெரியும். ஆணி ஓட்டை வழியாக இறங்கும் நீர் அந்தப் பொந்து வழியே ஒரு முழம் ஓடிப்போய்த் தேங்கும்.

ஆகவே தீர்ப்பு இது: டெக்குக்கு 710 வாங்குங்கள். பெட்டி மூடி, உட்காரும் பலகை போன்ற கழற்றி மாட்டும் சாமான்களுக்கு 303 போதும், விளிம்பை நன்றாக அடைத்துவிட்டால். வாங்கும்போது நான்கு விளிம்பையும் பாருங்கள், சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மாறும் இடம் பொந்து. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை, அதாவது உரிம எண்ணை, இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அந்த உரிமம் யாருடையது என்று தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

அறுக்கும் முன், எது உளுத்தது என்று தெரிய வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மூடிகளின் ஓரம், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் கம்பிக்கால்களின் அடி, ஆணி வரிசை, இந்த இடங்களில்தான் ஆரம்பிக்கும். கடல்நீரைவிட மழைநீர்தான் டெக்கைக் கெடுக்கிறது. உப்பு, பூஞ்சையை ஓரளவு அடக்கும். நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி வைத்த படகுகளில் உள்ளே வியர்க்கும் நல்ல தண்ணீர் காயாமல் நிற்கும், அவை சீக்கிரம் உளுப்பது இதனால்தான். டெக்குக்குக் கீழே ஃபோம் இருந்தால் 6 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டு நீர் வடிகிறதா என்று பாருங்கள். ஊறிய ஃபோமின் மேல் புது டெக் போட்டால் வேலை வீண். டெக்கைக் கீழிருந்து தாங்கும் குறுக்குக் கட்டைகளும் உளுத்திருந்தால் அவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

சுற்றிலும் இரண்டு அங்குலம் பழைய ஃபைபர் ஓரத்தை விட்டுவிட்டு அறுங்கள். புதுப் பலகை ஒட்டி உட்கார அந்த ஓரம் வேண்டும். ஆழத்தை நிறுத்தி வைக்கக்கூடிய சர்குலர் ரம்பம் இதற்கு ஏற்றது. கிரைண்டரில் ஆழம் கையில் நிற்காது. கீழே எண்ணெய்த் தொட்டி, ஒயர், படகின் உடற்பகுதி எதுவும் வெட்டுப்படலாம். தொட்டியை முன்பே கழற்றி வெளியே வையுங்கள். பழைய டெக் துண்டுதுண்டாக வந்தாலும் எறியாதீர்கள், புதுப் பலகைக்கு அதுதான் அளவு.

ஒட்டுப் பொருளில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள். படகு முழுக்கப் பாலியெஸ்டரில் செய்தது, அதனால் ஜி.பி. ரெசினே (சாதாரணப் பாலியெஸ்டர் பிசின்) போதும் என்பார்கள். பாலியெஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிப்பதில்லை. சில வருடத்தில் தோல் மாதிரி உரிந்து, அந்த இடைவெளியில் நீர் நிற்கும். எப்பாக்சி மரத்திலும் பிடிக்கும், பழைய பாலியெஸ்டரிலும் பிடிக்கும். மறுபக்கம், எப்பாக்சியின் மேல் பின்னாளில் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகின் வெளிப்பூச்சு) போட்டால் நம்பும்படி பிடிக்காது, அதை நினைவில் வையுங்கள்.

லேபாக்ஸ் எல்-12 எப்பாக்சி ரெசின், அதை இறுகவைக்கும் கே-6 ஹார்டனர், இந்த ஜோடி இதற்கு நன்றாக உழைக்கிறது. எடையில் ரெசின் 100க்கு ஹார்டனர் 10. கண்ணளவு கூடவே கூடாது. கிராம் தராசு கட்டாயம். எல்-12 கெட்டியானது, மரத்தில் இறங்கத் தயங்கும். தின்னர் ஊற்றாதீர்கள். டப்பாவை வெந்நீரில் சற்று நேரம் வைத்தாலே இளகிவிடும். ஆனால் இளகிய ரெசின் சீக்கிரம் இறுகும். ஒரு நேரத்தில் 150 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான டப்பாவில் விட்டால் தானே சூடேறிப் புகையும். கே-6 தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒரு ஷீட் சுமார் 3 சதுர மீட்டர். இரண்டு முகத்திலும் மூன்று பூச்சுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல், மேலே 200 கிராம் கண்ணாடி நெசவுத் துணி ஒரு அடுக்குக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைய. ஆக ஷீட்டுக்கு மூன்றரை, இரண்டு ஷீட்டுக்கு ஏழு கிலோ. துணிக்குப் பதில் வழக்கமான மேட் (நெய்யாமல் ஒட்டிச் சேர்த்த கண்ணாடி இழை விரிப்பு) போட்டால் சரிவராது. மேட்டின் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவது. எப்பாக்சியில் அது இல்லாததால் மேட் விறைப்பாகவே நின்று வளைவுகளில் படியாது.

விளிம்புதான் உயிர்நாடி. அறுத்த முகம் ஸ்பஞ்சு போல உறிஞ்சும், அதற்குத் தனியாக மூன்று முறை பூசுங்கள். மேல் விளிம்பை 6 மி.மீ. ஆரத்தில் உருட்டிவிட்டால்தான் துணி படியும். பூசுவது மாலையில், வெயில் இறங்கும்போது. காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து பூச்சில் குமிழ் போடும். ஒவ்வொரு குமிழும் ஒரு ஓட்டை. மறுநாள் மேலே மெழுகு போல ஒரு படலம் இருந்தால் தண்ணீரால் கழுவி, தேய்த்து, பிறகு அடுத்த பூச்சு.

இரண்டு ஷீட்டைச் சேர்க்க, அடியில் ஒரு அடி அகலப் பிளைத் துண்டு ஒட்டினால் போதும். சரிவு வெட்டி ஒட்டுவதானால் 12 மி.மீ.க்கு 96 மி.மீ. சரிவு வேண்டும், அழகு அதுதான், நேரமும் அதற்கேற்ப. குறுக்குக் கட்டைகள் 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில் இருக்கட்டும். அவற்றின் மேல் ஏரோசில் (கெட்டியாக்கும் சிலிக்கா தூள்) கலந்து வெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவந்த எப்பாக்சியைப் பரப்பி, பலகையை அமர்த்தி, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி. இறுகியதும் திருகாணிகளைக் கழற்றி ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பிடித்திருப்பது பசைதான்.

கம்பிக்கால், கொக்கி மாட்டும் ஓட்டைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். ஆணி அப்போது மரத்தைத் தொடாது. அரை நாள் கூடுதல் வேலை, காசு ஏறக்குறைய இல்லை. முந்தைய டெக் எங்கிருந்து உளுத்தது என்று அறுத்த துண்டுகளில் பார்த்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வெயில் எப்பாக்சியைச் சுண்ணாம்பு போலாக்கிவிடும். ஒரு வாரம் ஆறவிட்டு பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு கோட் கொடுங்கள். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே சலித்து அலசிக் காயவைத்த மணலைத் தூவினால் வழுக்காது.