சொந்தச் செல்லா, வங்கிச் செல்லா?

முதிர்ந்த தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பி எவ்வகைத் திசுவாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக்கலாம் என்பதை, கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்திக் காட்டினார். நோயாளியின் செல்லே அவருக்கு மருந்தானால் உடல் அதை அந்நியமென ஒதுக்காது என்பதுதான் அன்று எல்லோரையும் கவர்ந்தது.

அந்த வழியில் முதலில் போனவர் கோபே நகரில் பணியாற்றிய மசாயோ தகஹாஷி. 2014 செப்டம்பரில், முதுமையால் விழித்திரை சிதைந்த எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தோலிலிருந்தே வளர்த்த நிறமிச் செல் படலம் பொருத்தப்பட்டது. படலத்தின் அளவு 1.3 மி.மீ. அகலம், 3 மி.மீ. நீளம்; அந்தத் துணுக்கு உருவாகப் பத்து மாதங்கள் பிடித்தன. ஓராண்டு கழித்துப் பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் தேவைப்படவில்லை. இரண்டாம் நோயாளியின் செல்களிலோ மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் சிகிச்சை நிறுத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு மருந்தைத் தயாரித்து முதலிலிருந்தே சோதிப்பதற்கு ஒப்பான வேலை இது.

ஆகவே 2017-இல் அதே குழு கொடையாளர் செல்லுக்கு மாறியது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே எச்.எல்.ஏ. அமைப்பை (தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடல் பிரித்தறிய உதவும் அடையாளப் புரதங்கள்) பெற்ற அபூர்வமான கொடையாளர்களின் செல்களை வங்கியில் சேர்த்துவைத்தால், ஒரே தொகுப்பு பலருக்குப் பொருந்தும். அவ்வாறு சிகிச்சை பெற்ற ஐவரில் ஒருவருக்கு ஏற்பட்ட லேசான நிராகரிப்பு ஸ்டீராய்டில் அடங்கியது. சோதனையும் செலவும் ஒருமுறையோடு முடிவதால், நடைமுறையில் வங்கிக்கே என் வாக்கு. (ஜப்பானில் சிலரின் செல்களே கணிசமான மக்களுக்கு ஈடுகொடுக்கும், பல இனக்குழுக்கள் வாழும் நம் நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது.) கியோட்டோவில் 2018-இல் தொடங்கிய பார்க்கின்சன் ஆய்விலும் ஏழு பேருக்கும் கொடைச் செல்களே வைக்கப்பட்டன, ஆனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தும் உடன் கொடுக்க வேண்டியிருந்தது.

2024-இல் சீனாவிலிருந்து வந்த செய்தி சொந்தச் செல்லின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பியது. முதல் வகை நீரிழிவுள்ள 25 வயதுப் பெண்ணின் கொழுப்புத் திசுச் செல்களை, மரபணுவைச் செலுத்தாமல் வேதிப்பொருள்களாலேயே மாற்றி, அவற்றிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் திட்டுகளை வயிற்றுத் தசையில் வைத்தார்கள். 75 நாட்களில் இன்சுலின் ஊசி நின்றது. ஆனால் அவர் கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை முன்பே உட்கொண்டுவந்தவர். அம்மருந்து இல்லாமல் அந்தச் செல்கள் நிலைத்திருக்குமா என்ற கேள்விக்கு இந்த ஒருவரைக் கொண்டு விடை காண முடியாது. அந்தக் கேள்வி எழக் காரணம் உண்டு: அவருடைய நீரிழிவே, உடல் தன் சொந்தச் செல்லைத் தாக்கியதால் வந்தது.