மெமோரியல் டே அன்று ஓவாஹுவில் பிள்ளைகளோடு: பஞ்ச்போலா, பேர்ல் ஹார்பரா, அலா மோவானாவா?

"ஏத்தா, சுடுகாட்டுக்கா புள்ளைகளக் கூட்டிட்டுப் போற?" என்று அம்மா கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நிலக்கோட்டையிலிருந்து ஆறு மாத விசாவில் ஹொனலுலுவுக்கு வந்திருந்தார். அந்த வாரம் மே மாதக் கடைசித் திங்கள் வந்தது. அமெரிக்காவில் அது மெமோரியல் டே, போரில் செத்த படைவீரர்களுக்கான நாள். முன்னாள் வீரர்கள் எல்லோருக்குமான நாள் நவம்பர் 11. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இங்கேயே உண்டு.

அமெரிக்கப் பெருநிலத்தில் பலருக்கு அது மெத்தைக்கும் ஃபிரிட்ஜுக்கும் தள்ளுபடி போடும் நாள், கொல்லைப்புறத்தில் கறி வாட்டும் நாள். ஹொனலுலு இருக்கும் ஹவாய்த் தீவான ஓவாஹுவில் அப்படி நழுவிவிட முடியாது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியக் குண்டு விழுந்த பேர்ல் ஹார்பர் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். மகளோடு படிக்கும் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு அப்பாவோ அம்மாவோ சீருடைக்காரர். அன்றைக்கு என்ன செய்தோம் என்று செவ்வாய்க்கிழமை பள்ளியில் பேச்சு வரும்.

பெரியவளுக்கு இப்போது ஒன்பது, சின்னவனுக்கு நாலு. மூன்று வருடமாக ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்ததில் எது யாருக்கு ஒத்துவரும் என்று ஒரு கணக்கு கிடைத்திருக்கிறது. சுற்றுலா கையேடுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "தவறவிடாதீர்கள்" என்கின்றன. பிள்ளையோடு போகிறவர்கள் சிலவற்றைத் தாராளமாகத் தவறவிடலாம்.

பஞ்ச்போல்: திங்கள் வேண்டாம், அதற்கு முந்தைய நாள் போங்கள்

பஞ்ச்போல் ஒரு அணைந்த எரிமலையின் வாய். ஹவாய் மொழியில் புவோவைனா. பலி கொடுக்கும் குன்று என்று பொருள் சொல்வார்கள். 1949 முதல் அது பசிபிக் தேசியக் கல்லறைத் தோட்டம். நாம் நினைக்கிற மாதிரி நட்டுக்குத்தான கல்லோ சிலுவையோ கிடையாது. புல்தரையோடு தரையாகப் பதித்த பலகைகள், நடுவே நடைபாதையின் இரு பக்கமும் ஆலமர வகை மரங்கள். வாசலில் தயங்கி நின்ற அம்மா உள்ளே வந்ததும் "பார்க்கு மாதிரில இருக்கு" என்றார். வீடு திரும்பியதும் எல்லோரையும் குளிக்க வைத்தார், அது வேறு.

திங்கள் காலை 8:30 மணிக்கு மேயர் தலைமையில் நினைவு நிகழ்ச்சி. மலர்வளையம், உரைகள், 1836 முதல் இருக்கும் ராயல் ஹவாயன் பேண்டின் இசை, துப்பாக்கி முழக்கம், கடைசியில் ஒற்றை ஊதுகொம்பில் டாப்ஸ் என்ற அஞ்சலி இசை. பெரியவர்களுக்கு நெஞ்சை அடைக்கும் நிகழ்ச்சிதான். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது வெயிலில் உட்கார்ந்து மைக் பேச்சு கேட்கும் ஒரு மணி நேரம். நாங்கள் போயிருந்தபோது முதல் வெடிச் சத்தத்திலேயே சின்னவன் வீறிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆலமரத்தடிக்கு ஓடியதில் டாப்ஸை முதுகால்தான் கேட்டேன். கார் நிறுத்தவும் இடம் கிடைக்காது. அன்று மட்டும் கீழே நகரத்திலிருந்து விடும் பேருந்தைப் பிடிப்பது உத்தமம். கல்லறைத் தோட்டத்தில் கூடைச் சோறு பிரிக்கவோ பந்து ஆடவோ விடமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலோ வேறு கதை. அந்த வார இறுதியில் சாரணச் சிறுவர் சிறுமியர் வந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு கொடியும், லெய் என்கிற ஹவாய் மாலை ஒன்றும் வைக்கிறார்கள். நம் பிள்ளை சாரணர் இல்லாவிட்டால் என்ன, நடந்து பார்க்கத் தடையில்லை. பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு உரை எதுவும் தேவைப்படுவதில்லை.

பெரியவளுக்கு அங்கே இரண்டு தேடல்கள் வைத்தேன். முதலாவது, எல்லிசன் ஒனிஸூகாவின் கல். கோனாவில் காப்பித் தோட்டத்துப் பக்கம் வளர்ந்து விண்வெளிக்குப் போனவர்; 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் வெடித்ததில் இறந்தவர். ராக்கெட் என்றால் காதைத் தீட்டிக்கொள்ளும் வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இரண்டாவது, மேலே படிக்கட்டுகளின் இரு பக்கமும் நிற்கும் பளிங்குச் சுவர்கள். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களங்களிலும் கொரியாவிலும் வியட்நாமிலும் உடல் கிடைக்காமல் போனவர்கள், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக, சட்டைப் பொத்தான் அளவில், ஒரு வெண்கலப் பூ பதித்திருக்கும். "இவரைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு அர்த்தம்" என்று சொன்னதுதான் தாமதம், விரலால் தடவித் தடவி அடுத்த பூவைத் தேடிப் போய்விட்டாள். பேர்ல் ஹார்பரில் ஓக்லஹோமா போர்க்கப்பலில் 1941ல் இறந்த 429 பேரில் பெரும்பாலோர் "அடையாளம் தெரியாதவர்" என்று இதே பஞ்ச்போலில்தான் கிடந்தார்கள். 2015ல் தோண்டி எடுத்து டிஎன்ஏ பார்த்து முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பியிருக்கிறது. அதைச் சொன்னதும், "அப்ப அவங்க அம்மாவுக்குச் சொல்லிட்டாங்களா?" என்றாள். எண்பது வருடம் ஆகிவிட்டது என்று எப்படிச் சொல்ல?

லெய்: கையில் வேலை கொடுங்கள்

இதை ஒரு இடமாகக் கணக்கில் சேர்க்கலாமா தெரியாது. ஆனால் நான்கில் இதற்குத்தான் என் முதல் ஓட்டு. பஞ்ச்போலில் கல்லுக்கு ஒன்று என்று வைக்கும் லெய்கள் எங்கிருந்து வருகின்றன? நகராட்சிப் பூங்காத் துறை கேட்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் கட்டிக் கொடுக்கிறார்கள். தேவை 38 ஆயிரம் அளவில். 20 முதல் 24 அங்குலம் நீளம், இரு முனையும் முடிச்சிட்டிருக்க வேண்டும், முந்தைய வெள்ளிக்கிழமை பூங்காவிலோ தீயணைப்பு நிலையத்திலோ கொடுத்துவிடலாம். தீயணைப்பு வண்டியைப் பார்க்கலாம் என்பதே சின்னவனுக்குப் போதுமான காரணம்.

பூ இல்லாவிட்டால் டீ இலை போதும். தேயிலை இல்லை, நம் ஊரில் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் நீள இலைச் செடி. இங்கே வீட்டுக்கு வீடு வாசலில் நிற்கிறது. இரவு ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இலை துவண்டு கொடுக்கும். நடு நரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் முடிந்து கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாதியையும் வலப்பக்கமாக முறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை இடப்பக்கமாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். கயிறு திரிக்கிற அதே வித்தைதான். ஒன்பது வயதுக்கு அரை மணி நேரத்தில் கைவந்துவிட்டது. சின்னவன் கட்டைவிரலைக் கொடுத்து உதவினான்.

அம்மாவிடம் பக்கத்து வீட்டு ப்ளுமேரியா ஒரு கூடை கொடுத்தேன். ஈழத்தலரி என்போமே, அதுதான். இங்கத்து வழக்கம் நீள ஊசியால் பூவின் நடுவில் குத்திக் கோப்பது. பூச்சந்தை ஊர்க்காரியிடம் ஊசியை நீட்டினால் என்ன ஆகும்? "பூவக் குத்துறதா?" என்று தள்ளிவைத்துவிட்டு, நூலை இரண்டு விரலில் சுற்றி, இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து மளமளவென்று கட்ட ஆரம்பித்துவிட்டார். யாருக்கு இது என்று பாதியில் கேட்டார். பெயர் தெரியாது, போரில் செத்த ஏதோ ஒரு பையனுக்கு என்றேன். கொஞ்சம் நேரம் பேசவில்லை. "நெருக்கமாக் கட்டுறேன், வாடுனாலும் உதிராது" என்றார். சுடுகாட்டுப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

பேர்ல் ஹார்பர்: பொறுத்துக்கொள்ளுங்கள்

சுற்றுலா வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். என் பதில்: அன்றைக்கு வேண்டாம், பிள்ளைக்கு எட்டு ஒன்பது ஆகும்வரை அவசரமும் வேண்டாம்.

காரணம் முதலில் நடைமுறை சார்ந்தது. உள்ளே பை கொண்டுபோகத் தடை. டயப்பர் பையும் பைதான். சின்னவன் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத வருடம், இது தெரியாமல் வாசலில் நின்று டயப்பர், பால் புட்டி, மாற்றுத்துணி எல்லாவற்றையும் கணவரின் கால்சட்டைப் பைகளில் திணித்தது எங்கள் வீட்டுச் சரித்திரம். (காசு கட்டிப் பையை ஒப்படைக்கலாம். வரிசை நீளம்.) தள்ளுவண்டி படகில் ஏறாது. அன்று மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடத்துக்குப் போகும் கடற்படைப் படகுக்கு டிக்கெட் இலவசம், முன்பதிவுக் கட்டணம் 1 டாலர். எட்டு வாரம் முன்பே திறந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பௌஃபின் நீர்மூழ்கிக்குள் நாலு வயதுக்குக் கீழே விடமாட்டார்கள்.

இரண்டாவது காரணம் அந்த இடமேதான். தண்ணீருக்கு அடியில் கப்பல் கிடக்கிறது. மேலே குறுக்காக வெள்ளைக் கட்டடம், 1962ல் இதே நினைவு நாளில் திறந்தது. அந்தக் கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் உள்ளே. எண்ணெய் இன்றும் கசிந்து மேலே வருகிறது. மகன் அதைப் பார்த்து "வானவில்!" என்று கத்தினான். சுற்றி நின்ற நாற்பது பேர் மௌனம். கோபப்பட்டதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை, ஒரு முதியவர் சிரித்துக்கூட வைத்தார். ஆனால் அப்போது ஏழு வயதான மகள் அன்றிரவு தூங்கவில்லை. "உள்ள இருக்காங்கன்னா, எடுக்கவே மாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தப்பிப் பிழைத்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், பிற்காலத்தில் தங்கள் அஸ்தியை அதே கப்பலுக்குள் வைக்கச் சொல்லி, முக்குளிப்பவர்கள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இதை இப்போது, ஒன்பது வயதில், அவளிடம் சொன்னேன். "ஃப்ரெண்ட்ஸ்கிட்டப் போயிட்டாங்க" என்றாள். இரண்டு வருடம் அவ்வளவு வித்தியாசம் செய்கிறது. போவதானால் ஏதாவது சாதாரண வாரநாளில், காலை முதல் படகில் போங்கள். ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கேட்டு வாங்குங்கள். நிரப்பிக் கொடுத்தால் பேட்ஜ் உண்டு, பிள்ளை கேள்விகளோடு சுற்றும்.

அலா மோவானா: எல்லோருக்கும் பிடிக்கும், ஒரு குறையோடு

திங்கள் மாலை, அலா மோவானா கடற்கரையில் விளக்கு மிதக்கவிடும் நிகழ்ச்சி. ஷின்யோ-என் என்ற ஜப்பானிய பௌத்த அமைப்பு 1999ல் தொடங்கியது. இப்போது பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை. சங்கு முழங்கும், ஜப்பானிய மேளம் அதிரும், ஹூலா ஆடுவார்கள். இருட்டத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான விளக்குகள் தண்ணீரில் இறங்கும். பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கரையோரம் குளம் போல இருக்கும், முழங்கால் ஆழத்தில் பிள்ளை தானே விளக்கை விடலாம். காகிதத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். விளக்கு வேண்டுமென்றால் பகலிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், குடும்பத்துக்கு ஒன்று போதும்.

நாலு வயதுக்கு இதுதான். மணல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கத்தினாலும் யாருக்கும் கேட்காது.

குறை என்னவென்றால், இங்கே படைவீரர் கரைந்துபோகிறார். இது இறந்த எல்லோருக்குமான விளக்கு. தாத்தா, பாட்டி, நாய்க்குட்டிகூட. இதை மட்டும் பார்த்த பிள்ளை, நாள் எதற்கு என்று கேட்டால் "விளக்கு விடற நாள்" என்றுதான் சொல்லும். நம்மவன் அப்படித்தான் சொன்னான். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. ஜப்பானியக் குண்டு விழுந்த தீவில் ஜப்பானிய வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து விளக்கு விடுவதில், பெரியவளிடம் பேச வேண்டியது நிறையவே இருக்கிறது. இந்தத் தீவின் ஜப்பானிய வம்சாவளிப் பையன்கள் அமெரிக்கச் சீருடையில் இத்தாலியில் சண்டை போட்டதையும், அங்கே வலக்கையை இழந்த டேனியல் இனோயே பிறகு செனட்டராகி இப்போது பஞ்ச்போலில் இருப்பதையும், அந்த மணலில் உட்கார்ந்துதான் அவளுக்குச் சொன்னேன். ஆனால் ராணுவக் குடும்பத்து நண்பர்கள் சிலர் அங்கே வருவதில்லை. கேட்டால் "எங்களுக்கு அது பஞ்ச்போல்தான்" என்கிறார்கள். அதுவும் நியாயம்.

என் அப்பாவின் பெயரை அம்மா தமிழில் எழுதினார். நிகழ்ச்சி முடிந்ததும் சிறு படகுகளில் தன்னார்வலர்கள் விளக்குகளைத் திரட்டி எடுத்துவிடுவார்கள். சுத்தம் செய்து அடுத்த வருடமும் அதே விளக்குச் சட்டகங்களைப் பயன்படுத்துகிறார்கள். சின்னவன் அதைப் பார்த்து, "தாத்தாவ ஏன் திருப்பி எடுக்கறாங்க?" என்று அழப்போனான். "ராத்திரி குளிரும்ல, அதான்" என்றார் அம்மா.

கநேஓஹே பற்றி ஒரு வரி: மலைக்கு அந்தப் பக்கம் மாநில முன்னாள் வீரர் கல்லறைத் தோட்டத்தில் அதே திங்கள் பகல் 1 மணிக்கு ஆளுநரின் நிகழ்ச்சி. கூட்டம் குறைவு, கூலாவ் மலை பின்னணி, குடை அவசியம். மதியம் தூங்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வருகிற மே மாதத்துக்கு எங்கள் ஏற்பாடு இது. வெள்ளி லெய், ஞாயிறு பிற்பகல் எல்லோரும் பஞ்ச்போல், திங்கள் காலை பெரியவளும் அவள் அப்பாவும் மட்டும் பேருந்தில் 8:30 நிகழ்ச்சிக்கு, டாப்ஸை இந்த முறை முகம் பார்த்துக் கேட்கட்டும், மாலை அலா மோவானா. அம்மா இந்த வருடம் வரவில்லை. லெய் ஊசி இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஃபோனில் சொல்லவில்லை.