புதுப்படத்துக்கு ஈப்போ போவதா, ஓடிடியில் பார்ப்பதா, ஆஸ்ட்ரோவுக்குக் காத்திருப்பதா?

சுங்கை சிப்புட்டில் புதுப்படத்தைப் பற்றி வாக்குவாதம் கிளம்பினால், முதலில் கேட்க வேண்டியது "எதுல பார்த்தீங்க?" என்பதுதான். "வசனமே கேக்கல, ஒரே இரைச்சல்" என்பார் ஒருவர். "அந்தப் பின்னணி இசைக்கே கொடுத்த காசு செரிச்சுப் போச்சு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் பார்த்தது ஹாலில் இருக்கும் 32 அங்குல டிவியில், மற்றவர் பார்த்தது ஈப்போ தியேட்டரில். நம் ஊரில் ஒரு படத்தின் தலையெழுத்தில் பாதியை எழுதுவது அதைப் பார்த்த வழி. ஆகவே வழிகளை முதலில் அலசுவோம்.

ஈப்போ தியேட்டர்

இங்கிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பழைய கூட்டரசு சாலையில் போனால் டோல் இல்லை. போக வர 60 கிலோமீட்டருக்குச் சின்ன காடி ஐந்து லிட்டர் குடிக்கும். மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி என்பதால் எண்ணெய்ச் செலவு பத்து வெள்ளிக்குள் அடங்கிவிடும். டிக்கெட் ஆளுக்கு 15 முதல் 20 வெள்ளி என்று வைத்தால் நான்கு பேருக்கு 60 முதல் 80. பாப்கார்ன், தண்ணீர் என்று கை நீண்டால் நூறைத் தாண்டும். சொந்தக் காடி இல்லாதவர்கள் இரவு ஒன்பது மணிக் காட்சியை மறந்துவிடலாம். நம் படங்கள் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். வெளியே வரும்போது நள்ளிரவு, பஸ் இருக்காது. திரும்பி வரும் கிராப் டாக்சிக் கட்டணம் டிக்கெட்டையே விழுங்கிவிடும். மதியக் காட்சிதான் அவர்களுக்குச் சரி.

இவ்வளவு செலவுக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது, ஒலி. தமிழ்ப் படங்களின் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. இசையும் சண்டைச் சத்தமும் பக்கவாட்டில் பிரிந்து நிற்கும். அதனால் எவ்வளவு முழக்கத்திலும் வசனம் தனியாகக் காதில் விழும். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, வரிசையின் நடுவில் உட்கார்ந்தால்தான் இது முழுதாகக் கிடைக்கும். முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு ஒலிக்கலவையைத் திட்டுவது நியாயமில்லை.

இரண்டாவது, மலாய் வசன வரி. மலாய்ப் பள்ளியில் படித்து, தமிழ் கேட்டால் புரியும் ஆனால் வட்டார வழக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இது பெரிய கைத்தாங்கல். மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் வேகமாக வரும் படங்களில் பெரியவர்களே ஓரக்கண்ணால் கீழே பார்ப்பது உண்டு.

மூன்றாவது, நேரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தமிழ்நாட்டில் பெரிய நடிகர் படத்துக்கே முதல் காட்சி காலை ஒன்பதுக்கு என்றாகிவிட்ட பிறகு, அங்கே திரை விலகும்போது இங்கே பதினொன்றரை. ஈப்போவில் காலைக் காட்சி போட்டால் சென்னைக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். திருப்பத்தை நம்பி எடுத்த படத்துக்கு இது தங்கம். மாலைக்குள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் யாராவது ஒருவர் உடைத்துவிடுவார்.

குறையும் இருக்கிறது. தியேட்டருக்கு வரும் படம் திரைப்படத் தணிக்கை வாரியத்தைத் தாண்டித்தான் வரும். வெட்டு விழுந்த இடத்தில் காட்சி தாவும், வசனம் ஊமையாகும். இயக்குநர் கோட்டை விட்டார் என்று நினைப்பதற்கு முன், அங்கே கத்தரி பட்டதா என்று யோசிக்க வேண்டும். 18 என்று வகைப்படுத்திய படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கிளம்பும் முன் செயலியில் வகையைப் பாருங்கள். நேரப் பட்டியலையும் புதன் மாலைக்குப் பிறகு பாருங்கள். வியாழனில் தொடங்கும் வாரத்தின் காட்சிகள் அப்போதுதான் முழுமையாக ஏறும். தேதியை நம்பி வெகு முன்னதாகவே லீவு எடுப்பதும் வேண்டாம். 2026 ஜனவரி 9 அன்று வரவேண்டிய விஜய் படம் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் சிக்கலில் தள்ளிப்போனதை எல்லாரும் பார்த்தோம்.

ஓடிடி

தமிழ்ப் படங்கள் பொதுவாகத் தியேட்டருக்கு வந்து நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆனால் எந்தத் தளம் என்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இந்திய விளம்பரத்தில் ஒரு தளத்தின் பெயர் இருக்கும். வெளிநாட்டு உரிமை வேறொருவரிடம் இருக்கும். இந்தியாவுக்கு வெளியே மட்டும் இயங்கும் சிம்ப்ளி சவுத் போன்ற தளங்கள் இருப்பதே இதனால்தான். ஒரு மாதச் சந்தா கட்டிவிட்டுப் படத்தைத் தேடாதீர்கள். படம் மலேசியாவில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சந்தா கட்டுங்கள்.

அடுத்த தலைவலி டேத்தா. நெட்பிலிக்ஸ் எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை தின்னும். ஒரு தமிழ்ப் படம் முடிய 8 ஜிபி. பைபர் இணையம் வந்துவிட்ட தாமான் குடியிருப்புகளில் இது பேச்சே இல்லை. செம்பனைக்குள் இருக்கும் லயங்களில் கைப்பேசி இணையம்தான் கதி. அங்கே பலர் சிக்குவது ஒரு சின்ன எழுத்தில்: பிரிபெய்ட் திட்டத்தில் 'அன்லிமிடெட்' என்பது பெரும்பாலும் கைப்பேசிக்குள் பார்ப்பதற்கு மட்டும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு. டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் இடைவேளைக்குள் அந்த அளவு தீர்ந்து, வேகம் விழுந்து, படம் வட்டம் சுற்றும். பழி தளத்தின் மேல் போகும்.

கைப்பேசியில் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு, யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐ மாற்றி போட்டு டிவியில் பார்க்கலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் அந்தத் துளை வழியாகப் படம் வெளியே வராது, மின்னேற்றம் மட்டும்தான். மாற்றி வாங்கும் முன் கடையிலேயே செருகிப் பாருங்கள். நெட்பிலிக்ஸின் மலிவான மொபைல் திட்டம் கைப்பேசிக்கும் டேப்லட்டுக்கும் மட்டுமே, தரம் 480பி. அதில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைப் பற்றி தீர்ப்புச் சொல்வது தபால்தலையைப் பார்த்து ஓவியனை எடைபோடுவதற்குச் சமம்.

இனி அந்த "வசனமே கேக்கல" விவகாரம். இதற்கு மருந்து ரிமோட்டிலேயே இருக்கிறது. படம் ஓடும்போது ஒலி, வசன வரி பகுதிக்குப் போங்கள். தமிழ் என்று இரண்டு வரி தெரியலாம், ஒன்றில் 5.1 (ஆறு தடத்து ஒலி) என்று போட்டிருக்கும். வீட்டில் தனி ஸ்பீக்கர் இல்லாவிட்டால் 5.1 இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் டிவியின் ஒலி அமைப்பில் வெளியீட்டை 'பிசிஎம்' (PCM) என்ற தேர்வுக்கு மாற்றுங்கள், 'சரவுண்ட்' விளைவை அணையுங்கள், 'தெளிவான குரல்' போன்ற பெயரில் இருப்பதைப் போடுங்கள். ஆறு தடத்து ஒலியை இரண்டு சின்ன ஸ்பீக்கருக்குள் திணிக்கும்போது நடுத்தடத்து வசனம் அமுங்கிப் போவதுதான் நோய். இதைச் செய்த பிறகும் கேட்கவில்லை என்றால் ஒலிப்பதிவாளரைத் திட்டலாம்.

இரவுக் காட்சி நிறைந்த படங்களுக்கு ஓடிடி மோசம். இணைய வேகம் குறையும்போது கறுப்பு முழுவதும் கட்டம் கட்டமாக உடையும். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் முகமே தெரியாது. மற்றபடி, தியேட்டரில் வெட்டுப்பட்ட காட்சி இங்கே முழுசாக இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் அந்தத் தணிக்கை வாரியத்தின் கத்தரி ஓடிடி வரை நீள்வதில்லை. பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு, ரகசிய எண் போட்டு வைப்பது பெற்றோர் வேலை.

ஆஸ்ட்ரோ

தோட்டப்புறத்தில் இன்னும் அசைக்க முடியாதது இந்தச் செயற்கைக்கோள் டிவிதான். பாட்டிகளுக்கு ரிமோட்டில் எண் தட்டத் தெரிந்தால் போதும். மாதச் சந்தா முடியாதவர்களுக்கு 2012இல் வந்த என்ஜோய் டிகாடர் இருக்கிறது. வானவில் தமிழ் அலைவரிசை அதிலேயே வரும்.

ஆனால் புதுப்படத்தை அளக்க இதைவிடக் கெட்ட அளவுகோல் இல்லை. மாதங்கள் கழித்துத்தான் வரும். வந்தாலும் இரண்டே முக்கால் மணிப் படம் விளம்பரத்தோடு மூன்றரை மணியைத் தாண்டும். இயக்குநர் மூச்சை அடக்க வைத்த இடத்தில் சமையல் எண்ணெய் விளம்பரம் விழுந்தால், "படம் இழுவை" என்ற பெயர் யாருக்கு வரும்? பதிவு செய்து விளம்பரத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தால் மட்டுமே வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

மாலை மழையில் படம் போவது செயற்கைக்கோள் அனுப்பும் கேயு (Ku) அலையின் இயல்பு. அடைமழை குறைந்ததும் வந்துவிடும். தூறலுக்கே போனால் கோளாறு தட்டில் இருக்கிறது. தட்டின் முன்னால் நீட்டி நிற்கும் எல்என்பி என்ற அலைவாங்கியின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் வெடித்திருக்கும், அல்லது கேபிள் முனைத் திருகுக்குள் தண்ணீர் இறங்கிச் செம்பு பச்சை பூத்திருக்கும். முனையை ஓர் அங்குலம் வெட்டிப் புதுத் திருகு போட்டு, ரப்பர் டேப் சுற்றினால் பல வீடுகளில் சரியாகிவிடும். டிகாடரை மாற்றச் சொல்பவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் "எல்லாப் படமும் இருக்கு" என்று விற்கும் பெட்டியை நான்காவது வழியாகச் சேர்க்கவில்லை. தியேட்டருக்குள் திருட்டுத்தனமாகப் பிடித்த படத்தில் இசையோடு பக்கத்து இருக்கைக்காரரின் இருமலும் வரும். அதைப் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு மதிப்பு ஒரு காசு கிடையாது. 2022இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட பெட்டியை விற்பவருக்கு 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை.

எந்தப் படத்தை எதில்?

நாயகன் நுழையும்போது விசில் பறக்க வேண்டிய படம், நகைச்சுவை, திருப்பத்தை நம்பும் படம் மூன்றுக்கும் ஈப்போதான், அதுவும் முதல் மூன்று நாளில். கூட்டம் சிரிக்காத நகைச்சுவை வீட்டில் பாதி செத்துவிடுகிறது. குடும்பக் கதை, நீதிமன்றக் கதை, பேச்சால் நகரும் படங்களுக்கு ஓடிடி போதும். நூறு வெள்ளி மிச்சம். பெரிய பெயர் இல்லாத நல்ல சின்னப் படம்தான் இடையில் மாட்டுகிறது: ஈப்போவில் ஒரு வாரம், அதுவும் வேலை நேரத்தில் ஒரு காட்சி. அதற்கு ஓடிடியே வாழ்வு.

மலேசியத் தமிழ்ப் படத்துக்கு வேறு கணக்கு. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் 'வாஜிப் தாயாங்' (கட்டாயத் திரையிடல்) ஏற்பாட்டில் உள்ளூர்ப் படங்களுக்குத் திரை ஒதுக்கீடு உண்டு. ஆனால் காலி இருக்கைக்கு நல்ல நேரம் யாரும் தரமாட்டார்கள். "டிவியில வரட்டும், பார்த்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நம் படம் ஏன் வளரவில்லை என்று கேட்பது நமக்கே கொஞ்சம் அதிகம்.

பாட்டு

இதில் போட்டி மின்னல், ராகா என்ற இரண்டு வானொலிகளுக்கு. ராகாவில் புதுப்பாட்டு சீக்கிரம் வரும், திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரத்தில் பிடித்துப்போவது பாட்டின் திறமையா, பழக்கமா என்று சொல்ல முடியாது. மின்னலில் பழைய பாட்டும் உள்ளூர்க் கலைஞர்களும் கலந்து வருவதால், புதுசு பழசுக்குப் பக்கத்தில் எப்படி நிற்கிறது என்று காது தானாகவே ஒப்பிடும். அந்த வகையில் என் ஓட்டு மின்னலுக்கு. ஆனால் வானொலி எதுவானாலும் ஒலி அளவைச் சமப்படுத்தித்தான் அனுப்புகிறது. தாலாட்டும் குத்தும் ஒரே உயரத்தில் கேட்கும். பாட்டின் ஏற்ற இறக்கத்தைச் செயலியில் கேட்டால்தான் தெரியும்.

கைப்பேசி ஸ்பீக்கர் ஆழ்ந்த ஒலியை எழுப்பவே எழுப்பாது. உள்ளூர் ராப்பும் உறுமி கலந்த பாட்டும் அதில் தகரமாகக் கேட்பது இதனால்தான். காடியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பேசுங்கள். பேஸை முழுசாகத் திருகிவிட்டு அல்ல, நடுவில் வைத்து.

செய்தி

புலனம் வேகம், மின்னல் செய்தி நம்பிக்கை, நாளிதழ் விவரம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்ற பிறகு, கையில் எடுத்துப் படிக்கும் தமிழ்ச் செய்திக்குத் தேர்வு குறைந்துவிட்டது. ஆனாலும் கோயில் கூட்டம், பள்ளி நிதி, வட்டாரத்து மரண அறிவித்தல் எல்லாம் மீதமிருக்கும் நாளிதழ்களில்தான் ஒழுங்காக வருகின்றன. நடிகர் இறந்துவிட்டார், படம் தடை என்ற வகைத் தகவல் புலனத்தில் வந்தால் தேதியும் ஊரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் பெர்னாமா தமிழ்ச் செய்தியிலோ, பொய்ச் செய்தியைச் சரிபார்க்கும் செபெனார்ஞா தளத்திலோ தேடுங்கள். அதுவரை "பார்வர்ட்" பொத்தானில் விரல் வைக்க வேண்டாம், குடும்பக் குழுவில் மாமா எத்தனை முறை கேட்டாலும்.