மான்செஸ்டர் கால்பந்து நடைச்சுற்றுலா: டோனி காலின்ஸுக்காகவே போகலாம்

கோப்பைக் கதைகளை எங்கும் கேட்கலாம். இந்தச் சுற்றுலாவின் உயிர், டோனி காலின்ஸ் என்ற கால்பந்து மேலாளரைப் பற்றி வழிகாட்டி பேசிய பகுதிதான். 1960இல் பக்கத்து ஊரான ராச்டேலின் கால்பந்துக் கழகம் அவரை மேலாளராக்கியது. இங்கிலாந்து லீக்கில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். லீக்கின் அன்றைய கடைசி அடுக்கான நான்காம் டிவிஷனில் இருந்த அந்த அணியை 1962 லீக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். அதன்பிறகாவது கதவு திறந்திருக்க வேண்டாமா? இங்கிலாந்தின் உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கில் கறுப்பின ஆங்கிலேயர் ஒருவர், பால் இன்ஸ், மேலாளராவதற்கு 2008 ஆனது! அவரை அமர்த்திய பிளாக்பர்ன் கழகம் அவருக்கு ஆறு மாதம்கூடத் தரவில்லை. கறுப்பின வீரர்களின் கால்களைக் கொண்டாடுபவர்கள் அவர்களுடைய மூளையை நம்பத் தயங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு குறை: நியூகாசில் அணியை 2010இல் பிரீமியர் லீக்குக்கு உயர்த்திய கறுப்பின மேலாளர் கிறிஸ் ஹியூட்டன் அதே டிசம்பரில் நீக்கப்பட்டதை வழிகாட்டி தொடவே இல்லை. கேள்வி கேட்டால் நின்று பொறுமையாகப் பதில் சொல்கிறார். மழைக்கோட்டு அவசியம்.