முதலிடம் தருகிறேன் என்று வருபவர்களிடம் இணையதளத்தின் சாவியைக் கொடுக்காதீர்கள்

2024 பிப்ரவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சேலத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். "அம்மா, உங்கள் சேலம் கிளை எந்தத் தெருவில் இருக்கிறது? ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். பேத்தி கல்யாணச் சீர்வரிசைக்கு மூன்றடி உயரத்தில் ஒரு ஜோடி விளக்கு வாங்க ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். எங்களுக்குச் சேலத்தில் கிளை கிடையாது. நாச்சியார்கோயிலில் இருக்கும் பட்டறையும் அதன் முன்னால் இருக்கும் சிறு கடையும்தான் எங்களுக்கு உள்ளவை. "கிளை இருப்பதாக உங்கள் இணையதளத்தில்தானே போட்டிருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. போட்டது நாங்கள் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பார்சல் செலவை நாங்களே ஏற்று அவருக்கு விளக்கை அனுப்பிவைத்தோம். அந்த அழைப்புக்குப் பிறகுதான் எங்கள் இணையதளத்தை முழுவதுமாகத் திறந்து பார்த்தேன்.

என்னைப் போலச் சிறிய தொழிலை வைத்துக்கொண்டு, கூகுளில் நம் பெயர் மேலே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் இணையதளத்தைக் கூகுளில் மேலே கொண்டுவருகிறேன் என்று பணம் வாங்கி, இல்லாத கிளையை எழுதிவைத்த நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே முறையில் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், பெயர் மாறும், முறை மாறாது.

எங்களுடையது பித்தளைக் குத்துவிளக்குப் பட்டறை. மாமனார் வார்ப்பைப் பார்த்துக்கொள்கிறார், கணவர் கடைசலையும் மெருகையும் பார்த்துக்கொள்கிறார். 2019-இல் தொடங்கிய இணையதளம் என் பொறுப்பு. மாதம் எட்டு, பத்து ஆர்டர் அதில் வந்துகொண்டிருந்தது. ஆனால் "குத்துவிளக்கு" என்று தேடினால் பெரிய விற்பனைத் தளங்களும், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் சரக்கை நாச்சியார்கோயில் விளக்கு என்று பெயர் சூட்டி விற்பவர்களும்தான் முன்னே வந்தார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருளை, காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வார்க்கிற நாங்கள் மூன்றாம் பக்கத்தில் கிடந்தோம். அந்த ஆற்றாமை எனக்குள் நெடுநாளாக இருந்தது.

2023 ஆகஸ்டில் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். இரண்டாவது அழைப்பிலேயே "மேடம்" போய் "அக்கா" ஆகிவிட்டது. "ஆறு மாதத்தில் இருபது சொற்களுக்கு முதல் பக்கம், அதில் பத்துக்கு முதலிடம். உத்தரவாதம் அக்கா. வராவிட்டால் பணம் திரும்ப வரும்" என்றார். மாதம் 12,000 ரூபாய், ஆறு மாதத்துக்கும் முன்பணம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 84,960 ரூபாய். தீபாவளிக்கு முன் பித்தளை வாங்க எடுத்துவைத்திருந்த பணத்திலிருந்து கட்டினேன்.

உத்தரவாதம் என்ற சொல் வந்த இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். கூகுளே தன் உதவிப் பக்கத்தில், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று எழுதிவைத்திருக்கிறது. தங்களுக்குக் கூகுளோடு தனி உறவு இருக்கிறது என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கவும் அதே பக்கம் சொல்கிறது. அந்தத் தம்பி அனுப்பிய மின்னஞ்சலின் அடியில் "கூகுள் பார்ட்னர்" என்ற முத்திரை இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். அந்த முத்திரை கூகுளில் விளம்பரம் போட்டுத் தருபவர்களுக்கானது. விளம்பரமில்லாத தேடல் முடிவுகளின் வரிசைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தத் தாளில் உத்தரவாதம் என்ற சொல்லே இல்லை என்பதையும் பிறகுதான் கவனித்தேன். "இயன்ற அளவு முயற்சி செய்வோம்" என்று மட்டும் இருந்தது. பணம் திரும்ப வரும் என்றதெல்லாம் தொலைபேசியில் பேசிய பேச்சு.

வேலையைத் தொடங்க வேண்டும் என்று டொமைன் (தளத்தின் முகவரி) கணக்கு, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் இடம்), வேர்ட்பிரஸ் (பக்கங்களை எழுதும் மென்பொருள்) மூன்றின் கடவுச்சொற்களையும் கேட்டார்கள். வாட்ஸப்பில் அனுப்பினேன். கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது. நம் தளம் என்ன தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைத் தொட்டு உள்ளே வந்தார்கள் என்று தளத்தின் உரிமையாளருக்குக் கூகுள் இலவசமாகக் காட்டும் இடம் அது. அதை அவர்களுடைய மின்னஞ்சலில் திறந்துகொண்டார்கள். என்னையும் அதில் சேர்க்கும்படி கேட்டேன். "தேவையில்லை அக்கா, நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மாதாமாதம் அறிக்கை வரும்" என்றார்கள்.

அறிக்கை தவறாமல் வந்தது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, பளபளப்பான அட்டையோடு ஒரு பிடிஎஃப். இருபது சொற்களுக்கும் எதிரே பச்சை அம்புக்குறி. நான்காம் மாதம் பதினொரு சொற்களுக்கு முதலிடம் என்று இருந்தது. அதில் ஒன்றை இன்னும் மறக்கவில்லை: "நாச்சியார்கோயில் கையால் வார்த்த மூன்றடி அன்னம் விளக்கு மொத்த விற்பனையாளர் ஆன்லைன்". என் கைப்பேசியில் அதை அப்படியே தட்டிப் பார்த்தேன். எங்கள் தளம்தான் முதலில் வந்தது. மகிழ்ச்சியோடு மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இப்படி யார் அம்மா தேடுவார்கள்?" என்று கேட்டார். அவருக்கு இணையம் தெரியாது என்று நினைத்து அந்தக் கேள்வியைக் கடந்துவிட்டேன். பணம் கட்டியவள் நான், கேட்டிருக்க வேண்டியவளும் நான்.

யாருமே தேடாத நீண்ட வாக்கியத்துக்கு முதலிடம் வாங்குவதற்குத் திறமை எதுவும் வேண்டாம். அந்தச் சொற்களைத் தளத்தில் எழுதிவைத்தால் போதும், போட்டிக்கு வேறு யாரும் இல்லை. பிறகு சர்ச் கன்சோல் என் கைக்கு வந்தபோது பார்த்தேன். அறிக்கையில் முதலிடம் என்று மின்னிய அந்த வாக்கியம் அங்கிருந்த தேடல் பட்டியலிலேயே இல்லை. அதைத் தேடியது நானும், அறிக்கை தயாரிக்க அவர்களுமாகத்தான் இருக்கும்.

ஆர்டர் கூடவில்லையே என்று தை மாதத்தில் கேட்டேன். "எஸ்இஓ என்றால் நேரம் எடுக்கும் அக்கா" என்றார்கள். தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். நேர்மையாகச் செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுளும் சொல்கிறது. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் ஆறு மாதத்தையும் ஓட்டினார்கள்.

சேலத்துப் பெரியவர் அழைத்த அன்று நான் கண்டது முப்பத்திரண்டு பக்கங்கள். "சேலத்தில் சிறந்த குத்துவிளக்கு", "மதுரையில் சிறந்த குத்துவிளக்கு", "ஓசூரில் சிறந்த குத்துவிளக்கு" என்று முப்பத்திரண்டு ஊர்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையை அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் "நகரின் மையப்பகுதியில் உள்ள எங்கள் கிளைக்கு வாருங்கள்" என்ற வரி. முகப்பிலிருந்து இவற்றுக்கு இணைப்பு வைக்காததால் என் கண்ணில் அதுவரை படவே இல்லை. மாமாவை உட்காரவைத்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "துருப்பிடிக்காத இரும்பின் உறுதியுடன்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஐம்பது வருடமாகப் பித்தளையைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். அவர் பெயரில் இருக்கும் கடை இரும்பு விளக்கு விற்பதாக எழுதிவைத்திருக்கிறார்கள். எதுவும் பேசாமல் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

இப்படி ஊருக்கு ஒரு பக்கம் போட்டு ஆளை உள்ளே இழுப்பதைக் கூகுள் பல வருடங்களாகத் தடுத்து வைத்திருக்கிறது. வாசல் பக்கங்கள் என்று அதற்குப் பெயர். 2006-இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ தளத்தையே இந்தக் குற்றத்துக்காகத் தேடல் முடிவிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பெரிய நிறுவனம் சில நாளில் சரிசெய்து திரும்ப வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு மாதங்கள் ஆகின்றன.

2024 மார்ச்சில் எங்கள் தளம் காணாமல் போயிற்று. கடையின் பெயரைத் தட்டினாலும் வரவில்லை. நிறுவனத்தை அழைத்தேன். "கூகுள் விதிகளை மாற்றிவிட்டது அக்கா, மீட்புப் பணிக்குத் தனியாக 45,000 ஆகும்" என்றார்கள். கூகுள் அந்த மாதம் குப்பைப் பக்கங்களுக்கு எதிரான விதிகளை இறுக்கியது உண்மைதான். ஆனால் எங்களுக்கு வந்த தண்டனைக்குக் காரணம் வேறு. மறுவாரம் அந்தத் தம்பியின் எண் எடுக்கப்படவே இல்லை.

பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தான். நல்லவேளையாக டொமைன் என் மின்னஞ்சலில் பதிந்திருந்தது. கடவுச்சொல்லை மாற்றி, டொமைன் அமைப்பில் ஒரு வரியைச் சேர்த்து, சர்ச் கன்சோலில் என்னை உரிமையாளராக்கினான். உள்ளே போனதும் சிவப்பாக ஓர் அறிவிப்பு: இயற்கைக்கு மாறான இணைப்புகளுக்காகக் கூகுள் ஊழியர்கள் நேரடியாக எடுத்த நடவடிக்கை. அது வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அறிவிப்பு போன மின்னஞ்சல் அவர்களுடையது. நாங்கள் எதற்காகத் தண்டிக்கப்பட்டோம் என்பதுகூட எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

இணைப்பு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பதை ஒரு சான்றாக எண்ணலாம் என்ற யோசனையில்தான் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கினார்கள். சான்றுக்கு மதிப்பு வந்ததும் அதை விற்கவும் ஆள் வந்தார்கள். 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளோடு மேலே வந்த தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. எங்கள் அறிக்கையில் "உயர்தர பேக்லிங்க் 200", அதாவது பிற தளங்களிலிருந்து எங்களுக்கு 200 இணைப்புகள், என்று மாதாமாதம் போட்டிருந்ததை ஏதோ பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். சர்ச் கன்சோலில் அவற்றின் பட்டியலைத் திறந்தோம். சூதாட்டத் தளங்கள், கடன் தரும் தளங்கள், எந்த மொழி என்றே புரியாத மருந்துத் தளங்கள். ஒரு பக்கத்தில், பந்தயம் கட்டி ஜெயிப்பது எப்படி என்ற கட்டுரையின் நடுவில், நீல எழுத்தில் "சிறந்த குத்துவிளக்கு" என்று எங்கள் கடைக்கு இணைப்பு. சாமி முன்னால் ஏற்றுகிற விளக்கு அது.

சீர்செய்ய நான்கு மாதம் ஆயிற்று. முப்பத்திரண்டு பக்கங்களையும் நீக்கினோம். இணைப்புக் கொடுத்த தளங்களுக்கு எழுதி எடுக்கச் சொன்னோம், பதில் போட்டவர்கள் மிகச் சிலர். மீதியை, இவற்றை எங்கள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு கோப்பாகக் கூகுளுக்குக் கொடுத்தோம். மறுபரிசீலனைக்கான முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, இரண்டாவது ஏற்கப்பட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: நிறுவனத்தை வெளியேற்றிய பிறகும் சர்ச் கன்சோலில் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சரிபார்ப்புக்காக நம் தளத்தில் வைத்த கோப்பையும் தேடிப்பிடித்து அழித்தால்தான் அந்த உரிமை போகும். சுவாமிமலையில் சிலை வார்க்கும் தெரிந்தவர் ஒருவருக்கு இதைவிட மோசம். டொமைனையே நிறுவனம் தன் பெயரில் பதிந்துகொண்டது. பத்து வருடம் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்.

சர்ச் கன்சோலில் பல மாதத் தரவு இருந்தது. மக்கள் உண்மையில் என்ன தேடி எங்களிடம் வந்தார்கள் என்று அப்போதுதான் பார்த்தேன். "ஐந்தடி குத்துவிளக்கு எடை", "பித்தளை விளக்கு கிலோ விலை", "குத்துவிளக்கு மரை கழன்றால்". நிறுவனத்தின் இருபது சொற்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கடைக்கு வருகிறவர்கள் மாமாவிடம் கேட்கிற கேள்விகளும் இவையேதான். உயரவாரியாக எடை, அன்றைய கிலோ விலை, தண்டும் தட்டும் சேருமிடத்தில் மரை தேய்ந்தால் என்ன செய்வது என்று மாமா சொல்லச் சொல்ல எழுதி, படம் எடுத்துப் போட்டேன். இதற்குச் செலவு எதுவும் ஆகவில்லை. தண்டனைக்கு முன்பு வந்துகொண்டிருந்த ஆர்டர்களின் அளவுக்கு இப்போதுதான் திரும்பியிருக்கிறோம். இழந்த பணத்துக்கு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். நிறுவனத்திலிருந்து இதுவரை பதில் இல்லை.

இந்தத் தொழிலில் நேர்மையாக உழைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் உங்கள் கணக்கில் உங்கள் அனுமதியோடு வேலை செய்வார், யாரிடம் இணைப்பு வாங்குகிறார் என்று கேட்டால் சொல்வார், எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டுவார்.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்கு மாதப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இன்று இரவே சர்ச் கன்சோலைத் திறந்து, உங்கள் மின்னஞ்சல் உரிமையாளர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலையில் அவர்களை அழைத்து, உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். "தேவையில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று எனக்கு வந்த பதிலே உங்களுக்கும் வந்தால், அடுத்த மாதப் பணத்தைக் கட்டாதீர்கள்.