சமையலறைத் தராசோடு இரண்டு வருடம்

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த காலத்தில் ஆர்வக்கோளாறில் பலதும் வாங்கினேன். ஸ்கிப்பிங் கயிறு அலமாரியில் கிடக்கிறது. பிளெண்டர் பெட்டிக்குள் போய்விட்டது. புரதப் பவுடர் பாதி டப்பாவோடு காலாவதியாகிக் குப்பைக்குப் போனது. இன்றும் தினமும் கைபடுவது ஒன்றுதான்: 5 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் வரை காட்டும் ஒரு சாதாரண டிஜிட்டல் தராசு.

வாங்கிய அன்று எனக்கு மட்டும் கொஞ்சம் காய்கறி வதக்கினேன். எண்ணெய் பாட்டிலைத் தராசின் மேல் வைத்து டேர் பட்டனை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். வழக்கம்போல வாணலியில் ஒரு சுற்று ஊற்றிவிட்டு பாட்டிலைத் திரும்ப வைத்தேன். மைனஸ் 31. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி. அப்படியென்றால் எண்ணெய் மட்டும் 279. என் எடைக்கு அரைமணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 160 கலோரி. காலையில் வியர்க்க விறுவிறுக்க நடந்ததை இரவில் ஒரே சுற்றில் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதுவும் 'வெறும் காய்கறிதானே' என்ற நிம்மதியோடு. இப்போது 10 கிராம்தான் ஊற்றுகிறேன். ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நிறுத்துச் சாப்பிட்டால் நேரம் வீணாகும் என்று நினைத்துத்தான் வெகுநாள் வாங்காமல் இருந்தேன். நடந்தது நேர்மாறு. ஸ்பூன், கப் எதுவும் தேவையில்லை. ஒரே ஜாடியைத் தராசில் வைத்து ஓட்ஸ் 40, டேர், தயிர் 150, டேர், மேலே பழம். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் காலை உணவு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அரை கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைப்பேன். வெந்ததும் எடை இரண்டு மடங்குக்கு மேல் வரும். அதை 150 கிராம் பொட்டலங்களாக ஃபிரீசரில் போட்டுவிடுவேன். உடற்பயிற்சி முடித்து வரும் மாலையில் ஒரு பொட்டலத்தை மைக்ரோவேவில் சுடவைத்து, அந்த நேரத்தில் இரண்டு முட்டையை ஊற்றி எடுத்தால் மொத்தம் எட்டு நிமிடம். புரதம் கிட்டத்தட்ட 25 கிராம். பசி வெறியோடு வந்து கண்ணில் பட்டதை எல்லாம் மேய்ந்துகொண்டிருந்த எனக்கு இந்த எட்டு நிமிடம்தான் பெரிய காப்பு.

முதல் மாதம் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வேகவைத்த அரிசியை 200 கிராம் நிறுத்துவிட்டு, கலோரி செயலியில் பச்சை அரிசி, அதாவது வேகாத அரிசி, என்ற கணக்கில் பதிந்துகொண்டிருந்தேன். வேகாத அரிசி 100 கிராமுக்கு சுமார் 360 கலோரி. வெந்தது தண்ணீரை உறிஞ்சிவிடுவதால் 130தான். நான் சாப்பிட்டது 260, செயலி காட்டியது 720. ஐயோ அளவு மீறிவிட்டதே என்று பல இரவு வெறும் வெள்ளரிக்காயோடு படுத்தேன். பத்தாவது நாளோ என்னவோ, ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்யும்போது முழங்கால் நடுங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தானியத்தை வேகாமலேதான் நிறுக்கிறேன்.

தராசின் குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடும். வெங்காயம் நறுக்கி முடித்துத் திரும்பினால் டேர் போயிருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அகலத் தட்டை வைத்தால் எண் தெரியாது, குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும். சூடான பாத்திரத்தை நேராக வைத்தால் எண் நிலையாக நிற்காது. உப்பு மாதிரி ஒன்று இரண்டு கிராமாகத் தூவினால் கண்டுகொள்வதே இல்லை. பேட்டரி தீரும் நேரத்தில் தாறுமாறாகக் காட்டும். சந்தேகம் வந்தால் அரை லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்ப்பேன், 500க்குப் பக்கத்தில் காட்டினால் சரி. என்னுடையது பட்டன் பேட்டரி. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த வகையை வாங்காதீர்கள், விழுங்கிவிட்டால் ஆபத்து.

எடை? 82ல் தொடங்கினேன். முதல் வாரமே 2 கிலோ இறங்கியதும் தலைகால் புரியவில்லை. அது பெரும்பாலும் தண்ணீர் என்று அப்புறம்தான் தெரிந்தது. உடம்பு தான் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் செலவழிக்கும்போது அதோடு சேர்ந்திருக்கும் தண்ணீரும் போய்விடும். 74ஐத் தொடப் பதினோரு மாதம் ஆனது. அதற்கப்புறம் 73க்கும் 75க்கும் நடுவிலேயே ஊஞ்சலாடுகிறது. வாரத்தில் மூன்று நாள் எடைப் பயிற்சி, இரண்டு நாள் நடை. பயிற்சி நாளில் தானியம் 80 கிராம், மற்ற நாளில் 60.

நடுவில் எனக்கு நிறுக்கும் பைத்தியமே பிடித்தது. "ஏங்க, வெள்ளரிக்காயையுமா நிறுக்கணும்? அது என்ன தங்கமா?" என்று மனைவி கேட்டபோதுதான் உறைத்தது. 100 கிராமுக்கு சுமார் 15 கலோரி மட்டுமே தேறும் பொருளைக் கிராம் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது காலை ஓட்ஸ் ஜாடி, ஞாயிறு கொண்டைக்கடலைப் பொட்டலம் போக, எண்ணெய், நிலக்கடலை பாதாம் வகை, தானியம், சீஸ் இந்த நாலையும் தவிர வேறெதையும் தராசில் வைப்பதில்லை. வெளியே போனால் தராசு நினைவே கிடையாது. சாப்பாட்டை நினைத்தாலே பதற்றம் வரும் சுபாவம் உள்ளவர்கள், முன்பு அப்படி அவதிப்பட்டவர்கள், இதை வாங்கவே வேண்டாம் என்பேன்.

நாலையாவது ஏன் இன்னும் நிறுக்கிறாய் என்று போன மாதம் நானே என்னைச் சோதித்துப் பார்த்தேன். எண்ணெயில் கை பழகிவிட்டது, 10 என்று நினைத்து ஊற்றினால் 11. நிலக்கடலையை 30 கிராம் என்று நினைத்துக் கிண்ணத்தில் கொட்டினேன். 47 காட்டியது. பதினேழு கிராமைத் திரும்ப ஜாடியில் போடும்போது நாலு கடலை வாய்க்குள் போனது.