சிக்னலில் அணையும் புல்லட்: பதினொரு வருட அனுபவம்

என் வண்டி 94 மாடல் புல்லட் 350. திருவொற்றியூரில் செய்தது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். சித்தப்பா புதிதாக வாங்கி ஓட்டிய வண்டி. அவருக்கு முழங்கால் தகராறு வந்தபிறகு சேலத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் ஆறு வருடம் நின்றது. 2014-ல் என் கைக்கு வந்தது. இந்தப் பதினொரு வருடத்தில் என்ஜினைப் பிரித்தது ஒரே ஒரு தடவை. ஐடிலிங் (ஆக்சிலேட்டரை விட்டபிறகும் என்ஜின் அணையாமல் மெதுவாக ஓடுவது) நிற்கவில்லை என்று, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றியது எத்தனை தடவை என்று மட்டும் கேட்காதீர்கள். கழற்றியதில் பாதித் தடவை அதன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது எனக்குப் புரியவே நாலைந்து வருடம் ஆனது.

முதல் கோளாறு மட்டும் நிஜமாகவே கார்புரேட்டருடையது. கொட்டகையிலிருந்து எடுத்து, பழைய பெட்ரோலைக் கொட்டி, புது பேட்டரி போட்டு உதைத்ததில் ஏழாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. சோக் (குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் விசை) போட்டிருக்கும்வரை ஓடும், எடுத்தால் அணையும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் அணையும். ரோட்டில் அறுபதில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்றால் முடிந்தது.

இதில் துப்பு எல்லாமே இருக்கிறது, அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மிக்கார்ப் விஎம் 24 கார்புரேட்டரில் பெட்ரோல் மூன்று வழியாகப் போகிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதும், கால்வாசி திறக்கும்வரையிலும் பைலட் ஜெட் (ஜெட் என்றால் பெட்ரோலை அளந்துவிடும் பொடித் துளையுள்ள திருகு). நடுவில் ஊசி. முக்கால்வாசிக்கு மேல் மெயின் ஜெட். அறுபதில் நன்றாக ஓடி ஐடிலில் சாகிறது என்றால், பெட்ரோல் வருகிறது, பைலட் வழி மட்டும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சோக் போட்டால் உயிர் வருவதும் அதனால்தான். வேறு வழியில் கூடுதலாகப் பெட்ரோல் கிடைத்துவிடுகிறது.

கழற்றிப் பார்த்தால் கீழ்க் கிண்ணத்தில் வெல்லப்பாகு காய்ந்தமாதிரி ஒரு படிவம். என் வண்டியில் பைலட் ஜெட்டின் அளவு எண் 25, மெயின் ஜெட் 90. இருபத்தைந்தின் துளை தலைமுடி நுழையும் அளவுதான், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வானம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரும்புக் கம்பியை விட்டுக் குடைகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பயன் இருக்காது. நான் கிளீனர் அடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்று அடித்து வாங்கினேன். பாதிதான் சரியானது. ஜெட்டைப் பார்த்த நான், கார்புரேட்டர் உடம்புக்குள், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் பொடித் துளைகளைப் பார்க்கவில்லை. ஜெட் சுத்தமாக இருந்தாலும் பெட்ரோல் வெளியே வரவேண்டிய வாசல் அதுதான். பைலட் வழிக்குப் போகும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகக் காற்று அடித்ததும் வாசலிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு வந்து விழுந்தது. அன்று சாயங்காலம் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் வண்டி தானாக நின்று துடித்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுதினால் நம்பமாட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்து நேர் எதிரான நோய். காலையில் ஐடில் நன்றாக நிற்கும். அரைமணி நேரம் ஓட்டி சூடானதும் ஐடில் தானாக ஏறும். ஆக்சிலேட்டரை விட்டாலும் உடனே இறங்காமல் மேலேயே தொங்கும். ஐடில் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூவைக் குறைத்தால் மறுநாள் காலையில் அணையும். ஒரு பட்டறையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் "கார்ப் தேய்ஞ்சுபோச்சு சார்" என்று புதுசு ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது டூப்ளிகேட் என்பது அப்புறம் தெரிந்தது. நோய் அப்படியே இருந்தது. பழையதை அவர்களுடைய கழிவு டிரேயில் தேடி எடுத்து வந்தேன், நல்லவேளை யாரும் உருக்கவில்லை.

சரியான காரணத்தைச் சொன்னவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு வயதான மெக்கானிக். வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டர் சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடத்தைச் சுற்றி எண்ணெய்க் குப்பியால் இரண்டு சொட்டு விட்டார். ஒரு இடத்தில் எண்ணெய் உள்ளே இழுத்தது, ஐடில் சட்டென்று மாறியது. "தம்பி, இது கார்ப் இல்ல, காத்து திங்குது" என்றார். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

விஎம் 24 இரண்டு நட்டில் ஹெட்டோடு முடுக்கப்படுகிறது. இத்தனை வருடமாக ஆளாளுக்கு பலம் காட்டி முடுக்கியதில் அந்த இரண்டு காதும் பின்னால் வளைந்து, நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. அந்த வழியாகத் திருட்டுக் காற்று. கலவையில் பெட்ரோல் குறைய, சூடான என்ஜின் வேகமாக ஓடுகிறது. கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை ஒட்டி, அந்த முகத்தை எட்டுப் போட்டமாதிரி தேய்த்து மட்டமாக்கினார். புது ஓ-ரிங், நடுவில் வரும் வெப்பத் தடுப்புத் துண்டு புதுசு. நட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, அளவாக. செலவு முந்நூறைத் தாண்டவில்லை. இதைச் சோதிக்கப் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும்போது அது என்ன துணிச்சலோ, எண்ணெய்ச் சொட்டே போதும்.

மூன்றாவது முறை நான் நேராகப் பட்டறைக்குப் போகவில்லை, ஆனால் பழக்கதோஷம், கை முதலில் கார்புரேட்டருக்குத்தான் போனது. ஒருநாள் ஐடில் தாழ்வாக இருக்கும், மறுநாள் ஆட்டோ மாதிரி கத்தும். நடுநடுவே சைலன்சரில் 'பட்' என்று வெடி. இரண்டு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியபிறகு பாயிண்ட் (திறக்கிற நொடியில் தீப்பொறியை விழவைக்கும் சுவிட்ச்) மேல் இருக்கும் மூடியைத் திறந்தேன். பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடம். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக விழும். அடியில் இருந்த ஆட்டோ அட்வான்ஸ், அதாவது வேகம் ஏற ஏறத் தீப்பொறியை முன்கூட்டி விழவைக்கும் பாகம், இன்னும் மோசம். அதன் ஸ்பிரிங்குகள் இழுபட்டு, எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டு, வேகம் குறைந்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) முன்னேறியே நின்றால் ஐடில் எப்படி இறங்கும்? புது ஸ்பிரிங், ஒரு சொட்டு எண்ணெய், புது பாயிண்ட் செட். கண்டென்சரையும் மாற்றினேன். ஒரு உபயோகமான விஷயம்: இக்னிஷனைப் போட்டு என்ஜினை மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் திறக்கிற நொடியில் ஹெட்லைட் மேல் இருக்கும், பேட்டரிக்குக் கரண்ட் போகிறதா வருகிறதா என்று காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்பும். டைமிங் பார்க்க வேறு கருவியே வேண்டாம்.

அன்றிலிருந்து வரிசை மாறிவிட்டது. முதலில் பிளக், அப்புறம் பாயிண்ட், அப்புறம் டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி). என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க, வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடு விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் இறுகியிருந்தால் சூடானதும் வால்வு முழுதாக மூடாது, ஐடிலில் இருமிக்கொண்டே அணையும். பிறகு ஆக்சிலேட்டர் கேபிள்: வண்டியை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிப் பார்க்கவும், சத்தம் ஏறினால் கேபிளில் தளர்வு போதவில்லை. இதெல்லாம் முடிந்தபிறகுதான் கார்புரேட்டர் பக்கம் ஸ்க்ரூடிரைவர் போகும்.

ட்யூனிங் என்று பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பத்து நிமிடம் ஓட்டி வண்டியைச் சூடாக்கவும். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுதும் மூடி, முட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று திறக்கவும். அங்கிருந்து கால் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பி, என்ஜின் எங்கே அதிக வேகமாக, சீராக ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவைக் குறைக்கவும். மறுபடி ஒருமுறை. இது காற்றை அளக்கும் ஸ்க்ரூ என்பதை மறக்க வேண்டாம்: உள்ளே போனால் பெட்ரோல் மிகுதி, வெளியே வந்தால் காற்று மிகுதி. ஒரு சுற்றுக்குள்ளேயே மூட வேண்டி வந்தால் பைலட் வழி அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று தின்கிறது.

2017-ல் ஊட்டி போனபோது இந்த ஸ்க்ரூ எனக்கு ஒரு பாடம் நடத்தியது. அங்கே 2,240 மீட்டர் உயரம், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வண்டி மூச்சு முட்டி, கரும்புகையோடு தடுமாறியது. அரைச் சுற்று திறந்தேன், தெளிந்தது. இறங்கி வந்தபிறகு திருப்பி வைக்க மறந்துபோய், ஒரு வாரம் ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சர் வெடித்ததற்குப் பாயிண்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கதை பெட்ரோல். 2023-லிருந்து இருபது சதவீதம் எத்தனால் கலந்தது படிப்படியாக எல்லா பங்க்குக்கும் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓட்டினால் தெரியாது. மழைக்காலத்தில் ஒரு மாதம் நிறுத்திவிட்டுத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்துமுத்தாக உருளும், டேங்க்குக்குள் துரு. துருத் துகள், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசியின் அடியில் சிக்கி, வண்டி நின்ற இடத்தில் பெட்ரோல் சொட்டியது, பிளக் கரி பிடித்தது. பெட்ரோல் டேப்பின் பழைய ரப்பர் உப்பிப்போய்த் திருப்பவே வரவில்லை. டேங்கைக் கழற்றி, சின்ன நட்டுகள் ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கி, ரப்பரெல்லாம் மாற்றி ஓட்டுகிறேன். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலியும், இப்போது என் ஏர் ஸ்க்ரூ நிற்பது ஒன்றேகால் சுற்றில். வாரக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துகிறேன். கோவிலுக்கு நேர்ந்துகொண்டமாதிரி இதைத் தவறாமல் செய்கிறேன்.

ஐடிலை எவ்வளவு தாழ்வாக வைப்பது என்பதில் எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துவராது. அவருக்கு 'டுக்... டுக்... டுக்' என்று ஒவ்வொரு அடியையும் எண்ணும்படி கேட்க வேண்டும். கேட்க அழகுதான். ஆனால் என்ஜின் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு அடியில் இருக்கும் உலோக வளையமான புஷ்ஷுக்கு எண்ணெய் போதாது. ராத்திரி ஹெட்லைட் போட்டு நின்றால் அம்மீட்டர் முள் மைனஸில் படுத்துவிடும். அந்த ஒரே ஒரு என்ஜின் வேலை எனக்கு வந்ததே அந்தப் புஷ்ஷால்தான். அதனால் அவருக்குப் பிடித்ததைவிட ஒரு படி வேகமாகவே வைத்திருக்கிறேன்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது வண்டியை வாசலில் ஓடவிட்டுவிட்டு உள்ளே தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் சத்தம் மாறிவிட்டது. சித்தப்பா திண்ணையிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்திருக்கிறார். "என்னடா இது, தையல் மிஷின் மாதிரி ஓடிட்டிருந்துச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பியதும் நிறுத்தி, கால் சுற்று ஏற்றிக்கொண்டேன்.